ஒன்றுமில்லாத தண்ணீர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மகன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருக்கிறான். மே மாதம் நான் அங்கே போகும்போது மால்வர்ன் வெல்ஸ் என்ற மலைச்சரிவுக் கிராமத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறான். அங்கே ஹோலி வெல் என்று ஒரு ஊற்று இருக்கிறதாம். தங்க, சாப்பிட வசதி எப்படி? அந்தத் தண்ணீரில் என்னென்ன தாதுக்கள் உண்டு? என் மூட்டுவலிக்குக் கேட்குமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

தங்குமிடம், சாப்பாடு எல்லாம் மகன் கைபேசியில் பார்த்துக்கொள்வார். பக்கத்து ஊரான கிரேட் மால்வர்னில் ரயில் நிற்கும்.

தாது என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். தண்ணீரில் கந்தகம் நாறினால்தான் மருந்து என்று யார் உங்களுக்குச் சொன்னது? மால்வர்ன் பேர் வாங்கியதே நேர்மாறான காரணத்துக்கு. 1750-களில் ஜான் வால் என்ற மருத்துவர் அந்தத் தண்ணீரைச் சோதித்தார். சொல்லும்படி ஒன்றும் சிக்கவில்லை. 'ஒன்றுமே இல்லாததுதான் இதன் பெருமை' என்று அவரை வைத்துக் கேலிப்பாட்டே கட்டிவிட்டார்கள். அங்கே இருப்பது மிகப் பழைய கடினப் பாறை. மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி வருகிறது, வழியில் கரைந்து சேர அதிகம் இல்லை. அதைப் புட்டியில் அடைத்து ஷ்வெப்ஸ் என்ற பானக் கம்பெனி விற்றது தனிக்கதை.

1842-ல் வில்சன், கல்லி என்ற இரு மருத்துவர்கள் கிரேட் மால்வர்னில் நீர்ச்சிகிச்சை தொடங்கினார்கள். விடியுமுன் நோயாளியை எழுப்பி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் பொட்டலம்போலச் சுற்றிவைப்பார்கள். அப்புறம் மலையேறி ஊற்றுவரை நடை. தேறியவர்களை எது தேற்றியது என்கிறீர்கள்? நடைதான் ஐயா, நடை! ஆனால் 'நட' என்று சொன்னால் யார் காசு கொடுப்பார்கள்? தண்ணீர் என்றால் கொடுப்பார்கள். இதை நான் பலமுறை சொல்லிவிட்டேன், யாரும் கேட்பதில்லை.

1849-ல் சார்ல்ஸ் டார்வின் ஓயாத வாந்தியோடு கல்லியிடம் வந்தார். சில மாதங்களில் தெம்பாகத் திரும்பினார், நம்பிக்கையும் வந்துவிட்டது. அதனால்தான் 1851-ல் நோயில் விழுந்த மகள் ஆனியை அங்கேயே கூட்டிவந்தார். அவளுக்குப் பத்து வயது. ஏப்ரல் 23 அன்று இறந்துபோனாள். தாய் எம்மா நிறைகர்ப்பிணி, வீட்டைவிட்டு வர முடியவில்லை.

கிரேட் மால்வர்ன் பிரியரி தேவாலய முற்றத்தில் அவள் கல்லறை இருக்கிறது. நான் போன அன்று தூறல். ஈரக் கல்லைக் கையால் துடைத்துவிட்டுத்தான் படிக்க முடிந்தது: 'அன்பான, நல்ல குழந்தை' என்று ஒரு வரி. என் மகளுக்கும் அப்போது பத்து வயது. குடையைச் சுழற்றிக்கொண்டு 'போகலாம்பா' என்றாள்.

மூட்டுவலிக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மே தொடக்கத்தில் போனால் ஊற்றுகளைப் பூக்களால் அலங்கரித்திருப்பார்கள். மாத்திரையை எடுத்துவைக்க மறக்காதீர்கள், ஏற்றம் அதிகம்.