முக்கால் வழியில் நிற்கும் தோட்டா

கேள்வி: 9 மி.மீ. பிஸ்டலில் ஐ.பி.எஸ்.சி. முறைப் போட்டிக்கு (நகர்ந்தபடி வேகமாகப் பல இலக்குகளைச் சுடும் போட்டி) பழகி வருகிறேன். கடைத் தோட்டா ஒன்றுகூடச் சிக்குவதில்லை. சுட்ட காலிக் கூட்டில் பிரைமர் (தீ மூட்டி), பவுடர், புல்லட் புதிதாக வைத்து நானே ரீலோட் செய்தவற்றில் மட்டும் இருபதுக்கு ஒன்று, ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) முழுதாக மூடாமல் 2, 3 மி.மீ. பாக்கி வைத்து நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் மூடிக்கொள்கிறது, சுடவும் செய்கிறது. 124 கிரெயின் எடையுள்ள, கோட்டிங் போட்ட உருண்டை மூக்கு ஈய புல்லட். தோட்டாவின் மொத்த நீளம் 28.9 மி.மீ. கூடுகள் ரேஞ்சில் பொறுக்கிய பல கம்பெனிக் கலவை. ஃபீட் ராம்ப்பை, அதாவது தோட்டா குழாய்க்குள் ஏறும் சரிவை, பாலிஷ் போடச் சொல்கிறார் ஒருவர். ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைக் கனமானதாக மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யட்டும்?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். கடைத் தோட்டா சிக்காமல் ஓடுகிறது என்றால் துப்பாக்கி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே பொருள். குறை தோட்டாவில் இருக்கிறது. அது எந்த இடத்தில் என்பதை, நின்றுபோன அந்தத் தோட்டாவே காட்டிக்கொடுக்கும். நீங்களோ அதைத் தள்ளி மூடிச் சுட்டு, இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிடுகிறீர்கள். இனி நின்றால் தள்ள வேண்டாம். குழாயை இலக்குப் பக்கமே வைத்து, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். ஐந்தாறு சேர்ந்தால் போதும். கையால் இழுத்து வரவில்லை என்றால் எதையும் வைத்துத் தட்டாதீர்கள். ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

ராம்ப் ஏன் குற்றவாளி இல்லை என்பதை ஸ்லைடு நிற்கும் இடமே சொல்கிறது. மூக்கு ராம்ப்பில் முட்டினால் ஸ்லைடு பாதி வழியில், ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் திறந்தபடி நிற்கும். உங்களுக்குப் பாக்கி 2, 3 மி.மீ.தான். அதாவது தோட்டா ராம்ப்பைத் தாண்டி, ஏறக்குறைய முழுதுமாகச் சேம்பருக்குள் (குழாயின் பின்பகுதியில் தோட்டா உட்காரும் அறை) போன பிறகு எங்கோ உரசி நிற்கிறது. பாலிஷ் போட்டால் இந்த உரசல் போகாது. ராம்ப்பின் கோணம் கெட்டுப்போவதுதான் மிச்சம். கனமான ஸ்பிரிங் இதைவிட மோசம். பருத்த தோட்டாவை இன்னும் பலமாக உள்ளே அறைந்து ஆப்புப் போல இறுக்கிவிடும். இப்போது விரல் தள்ளினால் மூடுவது, அப்போது இரண்டு கையால் இழுத்தாலும் திறக்காது.

முதல் சோதனைக்குப் பேரல், அதாவது குழாய், மட்டும் போதும். துப்பாக்கியைக் காலி செய்து, சரிபார்த்து, பேரலைக் கழற்றுங்கள். சேம்பரைப் பித்தளை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். சேம்பரின் முன் விளிம்பில் ஈயமும் கோட்டிங்கும் வளையமாகப் படிந்திருந்தால், நல்ல தோட்டாவும் நிற்கும். பிறகு பேரலை வாய் கீழாகப் பிடித்துத் தோட்டாவைச் சேம்பரில் போடுங்கள். ‘டக்’ என்ற உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். விரல் நுனியால் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தோட்டா பெயில்.

பெயிலான தோட்டாவை, அதாவது டப்பாவில் சேர்த்தவற்றை, மூக்கிலிருந்து அடி வரை கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். காய்ந்ததும் சேம்பரில் போட்டு லேசாக அழுத்தி, கால் சுற்றுச் சுற்றி எடுங்கள். கறுப்பு எங்கே அழிந்திருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு இடங்களில் ஒன்றாக இருக்கும்.

புல்லட்டின் தோளில், கூட்டின் வாய்க்குச் சற்று முன்னால் சிறு கோடுகள் வரிசையாக விழுந்திருந்தால், புல்லட் ரைஃப்லிங்கில் (பேரலின் உட்சுவரில் வெட்டிய திருகு வரிகளில்) முட்டுகிறது; உங்கள் பேரலுக்குத் தோட்டா நீளம். 9 மி.மீ. தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச நீளம் 29.69 மி.மீ.; உங்களுடைய 28.9 அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த உச்சம் எல்லா பேரலுக்கும் எல்லா புல்லட்டுக்கும் பொருந்துவதில்லை. சேம்பருக்கும் ரைஃப்லிங் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சில பிஸ்டல்களில் மிகக் குறைவு. செக் நாட்டு சி.இசட். பிஸ்டல்கள் இதற்குப் பேர்போனவை. கோட்டிங் போட்ட ஈய புல்லட்டின் தோள், செம்பு உறை போட்ட புல்லட்டின் தோளைவிடப் பெரும்பாலும் பருமன். அதனால்தான் ஒரே நீளத்தில் கடைத் தோட்டா போகும், உங்களுடையது போகாது.

கூட்டின் வாய் விளிம்பைச் சுற்றி வளையமாக அழிந்திருந்தால் கிரிம்ப் (புல்லட் வைக்க விரித்த வாயைத் திரும்ப மூடுவது) போதவில்லை. கூட்டின் நடுப்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் புல்லட் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அடியில், எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) பிடிக்கும் பள்ளத்துக்குச் சற்று மேலே அழிந்திருந்தால், முன்பு சுட்டபோது உப்பிய கூடு, அதைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சான சைசிங் டையில் முழுதாக அமுங்கவில்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதை, அதாவது கிரிம்ப் போதாமையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈய புல்லட்டின் விட்டம் பொதுவாக 9.04 மி.மீ. கூட்டின் வாய்ப்பகுதித் தகடு 0.28 மி.மீ. என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 0.56. மொத்தம் 9.60. வாய்ப்பகுதியில் அனுமதிக்கப்பட்ட உச்சம் 9.65. ஆக, உங்கள் கையில் இருக்கும் இடம் 0.05 மி.மீ.தான். கலவைக் கூடுகளில் ஒன்றின் தகடு 0.30 தடிமனாக இருந்தால் 9.64 ஆகிவிடும். அதன்மேல் விரித்த வாய் கொஞ்சம் மிச்சம் நின்றால் போதும், தோட்டா நிற்கும். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது: டை ஒன்றுதான், அதற்குள் போகும் கூடுகள்தான் ஆளுக்கொரு தடிமன். நின்ற தோட்டாக்களின் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எல்லாம் ஒரே கம்பெனியாக இருந்தால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது.

கிரிம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் புல்லட்டை நசுக்கிப் பிடிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரிவால்வர் தோட்டாவுக்கு அது ஓரளவு சரி. 9 மி.மீ. தோட்டா சேம்பருக்குள் தன் வாய் விளிம்பின் மேல்தான் நிற்கிறது. விளிம்பை உள்ளே சுருட்டிவிட்டால் நிற்க இடம் இல்லாமல் போகும். இங்கே டேப்பர் கிரிம்ப்பின் வேலை ஒன்றே: புல்லட் வைக்க விரித்த வாயை மறுபடி நேராக்குவது. காலிப்பர் தாடையின் மெல்லிய நுனியை வாய் விளிம்பிலேயே வைத்து அளங்கள், 9.58 முதல் 9.62 வரை இலக்கு. டையை ஒரேயடியாக இறக்காமல், ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, பேரலில் போட்டுப் பாருங்கள்.

அதிகமானால் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். கிரிம்ப் செய்த ஒன்றை சுத்தியல் வகைப் புல்லரில் தட்டிப் புல்லட்டை வெளியே எடுங்கள். கோட்டிங்கில் மங்கலான ஒரு வளையம் தெரியலாம். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படக் கூடாது. கோட்டிங் வெட்டுப்பட்டு ஈயம் பளிச்சென்று தெரிந்தால் கிரிம்ப் கூடிவிட்டது. அந்த வெட்டு வழியாக ஈயம் பேரலில் ஒட்டும், குண்டுகள் இலக்கில் ஓரிடத்தில் விழாமல் சிதறும். இன்னொன்றும் நடக்கும். பித்தளை அமுக்கத்திலிருந்து கொஞ்சம் திரும்பி விரியும், ஈயம் விரியாது. ஆகவே அளவுக்கு மேல் நசுக்கினால் பிடிமானம் கூடாமல் குறைகிறது.

புல்லட்டை உட்காரவைப்பதையும் கிரிம்ப்பையும் ஒரே டையில் செய்கிறீர்களா? கோட்டிங் புல்லட்டுக்கு அது ஒத்துவராது. புல்லட் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூடத் தொடங்கி, கோட்டிங்கைச் சீவி, விளிம்புக்கு முன்னால் ஒரு மெல்லிய காலர் போல ஒதுக்கிவிடும். சேம்பருக்குள் இந்தக் காலர்தான் முட்டும். தனித்தனி டை வைத்துக்கொள்ளுங்கள். வாயை விரிப்பதிலும் கஞ்சம் வேண்டாம். புல்லட்டை வைத்தால் அடிப்பாகம் அரை மி.மீ. போல உள்ளே இறங்கி, கையை எடுத்தாலும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்த புல்லட் கோளாறும் பாதிக்குமேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

நீளம்தான் காரணம் என்று கோடுகள் காட்டினால், உங்கள் பேரலுக்கான நீளத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பிரைமரும் பவுடரும் இல்லாத டம்மித் தோட்டாவை 29.5 மி.மீ. நீளத்தில் செய்யுங்கள். கூட்டின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டுவிட்டால் பிறகு நிஜத் தோட்டாவோடு கலந்து குழப்பாது. பேரலில் போட்டுச் சுற்றுங்கள். சுழலவில்லை என்றால் 0.1 மி.மீ. இறக்குங்கள். தடையின்றிச் சுழலும் முதல் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இன்னும் 0.3 முதல் 0.4 மி.மீ. கழியுங்கள். புல்லட்டுக்குப் புல்லட் மூக்கு வேறுபடும், தோட்டா செய்யும் பிரஸ்ஸும் கொஞ்சம் அசையும். இந்தக் கழிவு அதற்கான இடம். உங்கள் விடை 28.4 என்றோ 28.2 என்றோ வரலாம். அது தப்பில்லை.

ஆனால் நீளத்தைக் குறைத்துவிட்டுப் பழைய பவுடர் அளவையே போடக் கூடாது. புல்லட் உள்ளே இறங்க இறங்கக் கூட்டுக்குள் இடம் குறைகிறது, 9 மி.மீ. போன்ற சின்னக் கூட்டில் அழுத்தம் சட்டென்று ஏறும். உங்கள் பவுடர் கம்பெனியின் கையேட்டில் அதே எடை, அதே வகைப் புல்லட்டுக்குத் தந்திருக்கும் ஆரம்ப அளவுக்கு இறங்கி, அங்கிருந்து மெல்ல ஏறுங்கள். ஏறும்போது புல்லட்டின் வேகத்தையும் அதை அளக்கும் கருவியான கிரோனோகிராஃபில் பாருங்கள். போட்டியில் பலம் குறைந்த பிரிவான மைனருக்குப் பவர் ஃபேக்டர் 125 வேண்டும்: கிரெயினில் எடையை விநாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 124 கிரெயின் 1,010 அடியில் 125.2 தரும், அது கத்தி முனை. 1,035 அடியில் 128.3 வரும், போட்டி இடத்துக் கருவியில் தைரியமாக நிற்கலாம்.

அடிப்பக்கம் உரசுகிறது என்றால் சைசிங் டையைப் பாருங்கள். பிரஸ்ஸில் கூடுகளைத் தாங்கும் ஷெல் பிளேட்டைக் காலியாக வைத்து டையைச் சரிசெய்தால், வேலை நடக்கும்போது எல்லா ஸ்டேஷனிலும் கூடு நிறைந்து பிளேட் சற்று வளையும். டை அடிவரை வராது. டைக்குள் ஒரு கூடு இருக்கும்போதே அதை இறக்கிப் பூட்டுங்கள். டையின் அடியிலுள்ள கார்பைட் வளையம் பிளேட்டில் மோதாமல், ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. கைப்பிடியை ஒவ்வொரு முறையும் கடைசி வரை அழுத்துகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். நூறு தோட்டாவுக்குப் பிறகு கை சோர்ந்து, பாக்கி வைக்கத் தொடங்கும். அதற்கும் அடங்காத உப்பல் கூடுகளைத் தூக்கிப் போடுவதே என் யோசனை.

எதை மாற்றினாலும் கடைசியில் பிடிமானச் சோதனை செய்யுங்கள். டம்மித் தோட்டாவை அளந்து, மேகசினில் போட்டு, ஸ்லைடை முழு வேகத்தில் விட்டு ஏற்றி, வெளியே எடுத்து மறுபடி அளங்கள். 0.05 மி.மீ. குறைந்தால் பரவாயில்லை. 0.1-க்கு மேல் குறைந்தால் புல்லட் கூட்டுக்குள் நழுவுகிறது. நிஜத் தோட்டாவில் அது ஆபத்தான அழுத்தம். இதற்கு மருந்து கிரிம்ப்பைக் கூட்டுவது இல்லை. சைசிங் குறைவா, வாய் விரிக்கும் கூம்பு அதிக ஆழம் போகிறதா என்று பாருங்கள்.

பேரல் சோதனையில் எல்லாம் பாஸாகியும் துப்பாக்கியில் நின்றால், அப்போதுதான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். மேகசின்களுக்கு எண் எழுதி, எது நிற்கவைக்கிறது என்று குறியுங்கள். எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில் கரியும் பித்தளைத் துகளும் இறுகியிருந்தால் கூட்டின் விளிம்பு ஏறாது; பல்குத்தும் குச்சியே போதும் சுத்தம் செய்ய. இலகு ஸ்பிரிங் போட்டிருந்தால் கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டி ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரைமர் மேலே துருத்தியிருக்கிறதா என்பதற்கு, தோட்டாவை மேசையில் நிறுத்திப் பாருங்கள், ஆடினால் துருத்தியிருக்கிறது.

போட்டித் தோட்டாவை மட்டும் ஒன்று விடாமல் சேம்பர் கேஜில் (சேம்பர் அளவுக்குத் துளைத்த சோதனைக் கட்டை), அல்லது உங்கள் பேரலிலேயே, போட்டுப் பாருங்கள். துப்பாக்கியோ தோட்டாவோ சிக்கியதற்காக அந்த ஸ்டேஜை, அதாவது போட்டியின் அந்தச் சுற்றை, திரும்பச் சுட விதி இடம் கொடுக்காது; இருநூறு தோட்டாவைச் சோதிக்க இருபது நிமிடம் ஆகாது. பெயிலாகும் தோட்டாவைப் பயிற்சிக்கென்றும் வைக்காதீர்கள். புல்லரில் பிரித்து, கூட்டின் முத்திரையைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்தில் எந்தக் கம்பெனிக் கூட்டைப் பொறுக்கவே வேண்டாம் என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.