டிஎன்ஏ சுருண்டு கிடப்பது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஹிஸ்டோன் உடம்பில் கூடினால் அரிப்பு, தடிப்பு வருமா? (வாசகர், வள்ளியூர்)

நீங்கள் சொல்வது ஹிஸ்டமின். அது வேறு, இது வேறு: ஹிஸ்டோன் என்பது டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம். பெயரைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: டிஎன்ஏ ஹிஸ்டோனுக்கு உள்ளேயா, வெளியேயா? வகுப்பில் இரண்டு விதமாகவும் வரைகிறார்கள். (பிளஸ் டூ மாணவி, சங்கரன்கோவில்)

வெளியேதான் அம்மா. தறி ஓடும் ஊர்க்காரி நீ, தார்க்குச்சியைப் பார்த்திருப்பாய். நூல் அதன் மேல்தானே சுற்றியிருக்கும்? எட்டு ஹிஸ்டோன் சேர்ந்த கட்டையின் மேல் சுமார் 150 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளத்துக்கு டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது. எச்1 என்ற இன்னொரு ஹிஸ்டோன் அந்த எட்டில் சேராது. டிஎன்ஏ நுழைந்து வெளியேறும் இடத்தில் உட்காருகிறது. பாதிப் பிள்ளைகள் மார்க் விடுவது இதில்தான்.

கேள்வி: 2 மீட்டர் டிஎன்ஏ அத்தனை சின்ன உட்கருவுக்குள் எப்படி அடங்குகிறது? (வாசகர், கடையம்)

2 மீட்டர் என்பது ஒரே இழை அல்ல, 46 குரோமோசோமும் சேர்ந்த கணக்கு. மிக நீளமானதே சுமார் 8 சென்டிமீட்டர்தான். டிஎன்ஏவின் தடிமன் 2 நானோமீட்டர் என்பதால், மொத்தமும் உட்கருவின் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கைக்கூட அநேகமாகத் தாண்டாது. இடம் போதும். சிக்காமல் வைப்பதுதான் பாடு. போதாததற்கு டிஎன்ஏ முழுக்க எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். ஹிஸ்டோனிலுள்ள லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நேர்மின்னூட்டத்தால் அதைப் பிடித்து வைக்கின்றன.

கேள்வி: புத்தகத்தில், ஹிஸ்டோனில் சுற்றிய டிஎன்ஏ மறுபடி சுருண்டு 30 நானோமீட்டர் தடிமனுள்ள குழாய் போல (சோலினாய்டு) ஆகிற படம் இருக்கிறது. அதையே நடத்தலாமா? (ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

தேர்வுக்கு நடத்துங்கள். ஆனால் பெரும்பாலான செல்களில் இப்படி ஓர் இழை காணப்படவில்லை என்று கூடவே சொல்லிவிடுங்கள், ஐயா. பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதுப் புத்தகத்திலும் அதே படம்தான் வருகிறது. 1976-ல் பிஞ்ச், குளூக் என்ற விஞ்ஞானிகள் இருவரும், செல்லிலிருந்து பிரித்தெடுத்த குரோமாட்டினை (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த சங்கிலியை) மெக்னீசியம் கலந்த கரைசலில் பார்த்துச் சொன்ன மாதிரி அது. அவர்கள் வேலையில் குறையில்லை. அந்தக் கரைசலில் அது அப்படித்தான் சுருளும். செல்லுக்குள்ளே பக்கத்துச் சங்கிலிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. 2017-ல் மனிதச் செல்லை உடைக்காமல் பதப்படுத்தி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறும் ஒழுங்கற்ற சங்கிலிதான் தெரிந்தது. செல் பிரியும்போதும் அதே சங்கிலிதான், நெருக்கம்தான் கூடுகிறது.

30 நானோமீட்டர் இழை தெரிகிற செல்களும் உண்டு: கோழியின் சிவப்பணு, நட்சத்திர மீனின் விந்தணு. இரண்டுமே ஜீன்களை ஏறக்குறைய மூடிவிட்ட செல்கள். ஆகவே எந்தச் செல் என்று கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். இறுகிய குழாயாகவே படத்தை மனதில் பதித்துக்கொண்ட பிள்ளைக்கு, ஒரு ஜீன் எப்படித் திறந்து மூடுகிறது என்பது கல்லூரிக்குப் போனாலும் பிடிபடுவதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: 'டிஎன்ஏவைத் தளர்த்தி இளமை தரும்' பவுடர் வாங்கலாமா? (வாசகர், தென்காசி)

வேண்டாம். ஹிஸ்டோன் மாற்றங்களில் கைவைக்கும் மருந்துகள் உண்மையிலேயே உண்டு. சில ரத்தப் புற்றுநோய்களுக்கு, டாக்டர் பார்வையில் கொடுப்பவை. கடையில் டப்பாவில் வருவது அதுவல்ல.

கேள்வி: ஆட்டு ரத்தத்தில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமே திரளவில்லை. ஏன்? (அறிவியல் மன்ற மாணவர்கள், களக்காடு)

எந்தச் செல் என்று பார்க்காமல் இறங்கிவிட்டீர்கள், தம்பிகளா. ஆட்டின் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. வெள்ளணுவில் உண்டு, ஆனால் அது ஆயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறுவது கஷ்டம். கோழியின் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறது. 1884-ல் கோசல் என்ற விஞ்ஞானி ஹிஸ்டோனைப் பிரித்ததும் பெருவாத்தின் ரத்தத்திலிருந்துதான். கறிக்கடையில் சொல்லிவைத்து, கோழி ரத்தத்தை உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட் கரைசல் கலந்து வாங்கிக்கொள்ளுங்கள். திரள்கிற வெள்ளை நூல் சுத்தமான டிஎன்ஏ என்று ரெக்கார்டில் எழுதாதீர்கள், புரதமும் ஒட்டியிருக்கும். கையுறை போடுங்கள். டிஎன்ஏ திரள ஊற்றும் ஸ்பிரிட் பாட்டிலை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.