ஓய்வுக்குப் பிறகு வீவக வீட்டில் தச்சு இயந்திரங்கள் வாங்கி வைக்கலாமா?

இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறேன், நான் நிரந்தரவாசி, மனைவி குடிமகள், சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, தச்சு வேலையில் இறங்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். மேசை ரம்பமும் இழைப்பு இயந்திரமும் வாங்கலாமா, அல்லது தொழிற்பேட்டையில் சிறு கூடம் ஒன்றை வாங்கிவிடுவது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: இயந்திரத்தைக் கடைசியில் வாங்குங்கள். எங்கே ஓட்டுவது, எந்த நேரத்தில் ஓட்டுவது என்பது முதலில் முடிவாகட்டும்.

நான் தலைகீழாகச் செய்தேன். ஓய்வு பெற்ற முதல் மாதமே மேசை ரம்பம் வாங்கி, மகன் காலிசெய்துவிட்டுப் போன பின்னறையில் வைத்தேன். வீட்டுச் சீரமைப்புக்கு வீவக ஒதுக்கியிருக்கும் நேரம் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை; உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வாரநாட்களில் மட்டும் 9 முதல் 5 வரை. என் வேலை சீரமைப்பு இல்லை என்றாலும் அந்தக் கடுமையான நேரத்தையே எனக்கு வகுத்துக்கொண்டேன். ஞாயிறும் விடுமுறை நாளும் தொடவே இல்லை. விதிப்படி நடக்கிறேன் என்ற நிம்மதியில் இருந்தேன்.

நான்காவது வாரம் கீழ்வீட்டு மலாய் அம்மா, மக்சிக் என்று அழைப்போம், கதவைத் தட்டினார். கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை. "உங்கள் இயந்திரம் ஓடும்போது இது அலமாரியில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடுகிறது, என்சிக்" என்றார், மலாயில் ஐயா என்பதுபோல. கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய கணவர் வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்து பிற்பகலில் படுப்பவர். நான் ரம்பம் ஓட்டியது சரியாக அந்த நேரத்தில். அன்று மாலையே அதைத் துணிபோட்டு மூடினேன். இரண்டு வாரத்தில் விற்றுவிட்டேன்.

ஜன்னலையும் கதவையும் சாத்தினால் காற்றில் போகும் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கலாம். காங்கிரீட் தளம் வழியாகக் கீழே இறங்கும் அதிர்வுக்கு அது உதவாது. விற்பதற்கு முன் ரப்பர் விரிப்பு போட்டும் பார்த்தேன். குறைந்தது, ஆனால் கோப்பை நகர்வது நிற்கவில்லை.

எடையையும் பாருங்கள். வீவக வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. வார்ப்பிரும்பால் ஆன 14 அங்குலப் பட்டை ரம்பம் (நாடாபோன்ற தகடு இரு சக்கரங்களில் சுற்றி அறுப்பது) நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அது நிற்கும் இடமோ அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும், மரமும் அடுக்க வேண்டும். அறையை மரக்கிடங்காக்க வேண்டாம்.

பொது நடைபாதையில் வைத்து வேலை செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். தீ ஏற்பட்டால் மக்கள் தப்பி ஓடும் வழி அது, 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். அங்கே மேசை போடுவதை நினைக்கவே வேண்டாம். போர்க்காலப் பாதுகாப்புக்காக வீட்டிலேயே கட்டப்பட்ட புகலிட அறையைப் பட்டறையாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் கைக்கருவிகளை அங்கேதான் வைத்திருக்கிறேன். ஆனால் அதன் சுவரை உடைக்கவோ இரும்புக் கதவை மாற்றவோ சட்டம் இடம் தராது. கைகளை விரித்தால் இருபக்கச் சுவரும் தொடும் அந்த அறையில் மரத்தூளைக் கிளப்பினால் நேரே மூச்சுக்குள்தான் போகும்.

தூளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் வரும் புற்று அது. இழைப்புளி சுருள் சுருளாகச் சீவல் தரும், கூட்டி அள்ளிவிடலாம். உப்புத்தாளால் மரத்தை வழவழப்பாக்கும் மின்சாரத் தேய்ப்பான் தருவது கண்ணுக்குத் தெரியாத மாவு. பேரப்பிள்ளைகள் வந்து விளையாடும் வீட்டில் அந்த மாவு மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கும். என் வீட்டில் மின்தேய்ப்பானுக்கு இடமில்லை.

இனி, கூடம் வாங்குவது. வீடு வாங்கும்போது சிலர் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரை வரி தொழிற்கூடத்துக்குக் கிடையாது என்று கேட்டதும் பலருக்கு ஆசை வருகிறது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல் மற்றதையும் கணக்குப் போடுங்கள். அதை வாங்க, சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த மத்திய சேமநிதியைத் தொட முடியாது. விற்பவர் பொருள் சேவை வரிக்குப் பதிவு பெற்றவராக இருந்தால் விலைமேல் 9 விழுக்காடு வரி. மூன்று ஆண்டுக்குள் விற்க நேர்ந்தால் விற்பவருக்கான முத்திரை வரி முதலாண்டில் 15, இரண்டாமாண்டில் 10, மூன்றாமாண்டில் 5 விழுக்காடு. பெரும்பாலான கூடங்கள் 30 அல்லது 60 ஆண்டுக் குத்தகையில் இருப்பவை. பாதி ஓடிவிட்ட குத்தகையை நீங்கள் வாங்கினால் உங்கள் பிள்ளைகள் யாரிடம் விற்பார்கள்? இடத்தில் குறைந்தது 60 விழுக்காட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. பொழுதுபோக்குக்காக அதில் ஓய்வுப்பணத்தைப் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

அடுக்குமாடியாக இல்லாமல் சொந்த நிலத்தோடு வரும் தரைவீடு வாங்கிப் பின்புறத்தில் பட்டறை போடலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வந்திருக்கும். பணம் இருந்தாலும் நிரந்தரவாசியான உங்கள் பெயர் அதில் சேர அரசின் ஒப்புதல் வேண்டும். 1970-களிலிருந்தே தரைவீட்டைக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிக் காத்துவருகிறார்கள். மொத்தமே 735 சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு. நிலம் பற்றிய விதி ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தக் குறுகிய பரப்பு நிற்கிறது. எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை, என் மகனுக்கு வீடு கிடைத்ததும் இதே விதிகளால்தான்.

நான் கடைசியில் செய்தது, மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு மரக்கடைக்காரரின் கூடத்தில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் என் நாள். பெரிய அறுப்பு, இழைப்பு எல்லாம் அங்கே. மூட்டுப் போடுவது, ஒட்டுவது, மெழுகு பூசுவது வீட்டில். கொட்டாப்புளியால் தட்டும் வேலையைக்கூட மக்சிக்கின் கணவர் எழுந்த பிறகு, மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்றால்: ஒரு நடுத்தர இழைப்புளி, நான்கு உளி, மூலைமட்டம், ஜப்பானிய ரம்பம் ஒன்று. இந்த ரம்பம் இழுக்கும்போது அறுப்பது. தகடு மெல்லியது, தோளுக்குச் சிரமம் குறைவு. 1000, 6000 என்ற இரண்டு நயத்தில் சாணைக்கல் (எண் கூடினால் கல் நைசானது). முதல் மாதம் முழுவதும் தீட்டப் பழகுங்கள். முன்கையில் மெல்ல வழித்தாலே முடி உதிரும் அளவுக்கு உளியில் கூர் ஏறிவிட்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிட்டது.

இயந்திரம் என்று ஒன்று வாங்கினால், வாடகைக் கூடத்துக்குச் சிறிய பட்டை ரம்பம் வாங்குங்கள். மேசை ரம்பத்தின் வட்டத் தகடு மரத்தைப் பிடித்து நம்மை நோக்கி எறியக்கூடும். 65 வயதில் விலகும் வேகம் நமக்கு இல்லை. பட்டை ரம்பத்தின் தகடு மரத்தை மேசைமேல் கீழ்நோக்கி அழுத்துகிறது, எறியாது. விரலை வெட்டும், அந்தக் கவனம் எப்போதும் வேண்டும். கார்பன் தூரிகை உள்ள மோட்டார் அலறும், தூண்டல் மோட்டார் முனகும். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லிக் காதால் தேர்ந்தெடுங்கள்.

மலிவு விலையில் இரண்டு பொறிகள் உண்டு. மூடுகிற தொழிற்சாலைகளிலிருந்து விற்பனைக்கு வரும் அருமையான பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. வீட்டுச் செருகியில் வேலை செய்யாது. அமெரிக்காவிலிருந்து இணையத்தில் வரவழைப்பவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும் தூண்டல் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 400 வெள்ளிக்கு மேலுள்ள பொருளுக்கு இறக்குமதியின்போது வரியும் கட்ட வேண்டும், அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கு.

நம் ஊர்க் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வியர்வைக் கை பட்ட இழைப்புளி ஒரே இரவில் செம்பழுப்பாகிவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் நான் எழுவேன். இன்னொன்று எனக்குத் தாமதமாகப் புரிந்தது. பழைய தேக்குக் கட்டில் சட்டத்தில் மகளுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். அவள் வீட்டில் நாள் முழுவதும் குளிர்சாதனம். மூன்றே வாரத்தில் மூடி நடுவில் மயிரிழையாக வெடித்தது. என் அறையின் ஈரத்தில் உப்பியிருந்த பலகை அங்கே சுருங்கியிருக்கிறது, நானோ நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கிவிட்டிருந்தேன். இப்போது பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையில்லாமல் விடுகிறேன், அது விரியவும் சுருங்கவும் இடம் இருக்கட்டும் என்று.

ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே உங்கள் கீழ்வீட்டாரைப் போய்ப் பாருங்கள். அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், கைக்குழந்தை இருக்கிறதா, இரவு வேலைக்குப் போகிறவர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொண்டு இங்கே எழுதினால், உங்கள் நேரத்துக்குத் தக்க கருவிப் பட்டியலை நானே போட்டுத் தருகிறேன்.