தோளில் எத்தனை கிலோ தொங்குகிறது?

கிடார் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 57 வயது. சர்ச் கொயரில் ரொம்ப வருஷமாக எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். கழுத்து எலும்புத் தேய்மானம் வந்து, இடது தோள் வலித்துக் கை மரத்துப்போகிறது. என்னிடம் இருப்பது லெஸ் பால் வடிவக் கிடார். தோளில் பாரம் கூடாது என்கிறார் டாக்டர். கொயரை விட மனசில்லை. எடை குறைந்ததாக எதை வாங்கலாம்? கடையில் ஒரு எஸ்.ஜி. காட்டினார்கள், லேசாகத்தான் இருந்தது.
- ஓர் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: டீச்சர், எந்தத் தோள் என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு ஸ்ட்ராப் விழுவது இடது தோளில்தான். லெஸ் பால் வகை பொதுவாக நாலு, நாலரைக் கிலோ இருக்கும். 1970களில் வந்த சில, ஐந்தையும் தாண்டும். மஹாகனிப் பலகையும் அதன் மேல் மேப்பிள் மூடியும் சேர்ந்த கனம் அது. கீர்த்தனைக்கும் பாமாலைக்கும் நடுவே பிரசங்கம் நடக்கும்போதாவது அதைக் கழற்றி வைக்கிறீர்களா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லெஸ் பால் என்கிற அந்த மனிதருக்கே 1948இல் கார் விபத்தில் வலது முழங்கை நொறுங்கியது. இனி அது மடங்காது என்றானபோது, கிடார் பிடிக்கத் தோதான கோணத்திலேயே கையை வைத்துப் பொருத்தச் சொன்னார். அவர் பெயர் போட்ட கிடார் 1952இல் வந்தது. முதுமையில் மூட்டுவாதத்தால் விரல்கள் ஒவ்வொன்றாக முடங்கியும், 2009இல் 94 வயதில் இறக்கும் காலம்வரை நியூயார்க் கிளப்பில் வாரந்தோறும் வாசித்தார். இவ்வளவு பட்டவர் பெயரில்தான் இந்தக் கனமான பலகை சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைக்காரர் காட்டிய எஸ்.ஜி.க்கு வருவோம். லெஸ் பால் செய்யும் அதே கிப்சன் கம்பெனியின் மாடல். தராசில் மூன்று கிலோ சொச்சம்தான் காட்டும். ஆனால் உடல் மெல்லிசு, விரல் வைக்கும் கழுத்தான நெக் வெளியே நீண்டிருக்கும், ஸ்ட்ராப் மாட்டும் பொத்தானோ நெக் சேரும் இடத்திலேயே இருக்கும். இரண்டு கையையும் விட்டால் நெக்கின் நுனியான ஹெட் தரையைப் பார்த்துச் சாயும். சாயாமல் பிடிப்பது எந்தக் கை? ஏற்கெனவே மரத்துப்போகிற உங்கள் இடது கை. கார்டு பிடிக்கிற வேலையோடு நெக்கைத் தூக்கி நிறுத்தும் வேலையும் சேர்ந்தால் அந்தக் கை ஒரு ஆராதனைக்குத் தாங்காது. உடம்பை மட்டும் இளைக்க வைத்து, ஹெட்டில் கம்பியை முறுக்கும் கனமான ஆறு கீயை அப்படியே விட்ட கிடார்கள் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு. ஆகவே கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஸ்ட்ராப்பையே கொண்டுபோய் மாட்டி, எழுந்து நின்று, இரண்டு கையையும் விடுங்கள். கிடார் அப்படியே நின்றால் மேற்கொண்டு பேசலாம்.

உங்களுக்கு என் முதல் சிபாரிசு ஹெட்லெஸ். ஹெட்டே இல்லை, கீயெல்லாம் உடலில் கம்பிகள் முடியும் பாலத்துப் பக்கம் வந்துவிடும். நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்கர் 1980 வாக்கில் இதைப் பிரபலமாக்கினார். இப்போது ஸ்வீடனின் ஸ்ட்ராண்ட்பெர்க் செய்யும் போடன் வரிசையில் பல மாடல்கள் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும். லட்சத்துக்கு மேல் போகிற சமாசாரம், அதனால் அதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அதே பாணியில் விலை குறைந்தவை நிறைய வருகின்றன. இரண்டரைக் கிலோவுக்குள், கையை விட்டால் சாயாமல் இருந்தால் போதும், பெயர் எதுவானாலும் சரி.

தோற்றம் கொயருக்கு ஒவ்வாது என்று தோன்றினால், உள்ளே குடைந்த டெலிகாஸ்டர் பாருங்கள், அது ஃபெண்டர் கம்பெனியின் மாடல். 1968லேயே தின்லைன் என்று அதைச் செய்தார்கள். ஆனால் "செமி ஹாலோ, அதாவது பாதி உள்ளீடற்றது என்றால் லேசு" என்பவர்களை நம்பாதீர்கள். கிப்சனின் செமி ஹாலோ மாடலான 335 வகையில் நடுவில் முழுக் கட்டை ஓடுகிறது, மூன்றரைக் கிலோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அபூர்வம். இன்னொன்று: மரம் மரம்தானே, ஒரே மாடலில் இரண்டு கிடாருக்கு அரைக் கிலோ வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் தொங்குதராசு ஒன்று கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஸ்ட்ராப் மூன்று அங்குல அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு தோளிலும் பாரத்தைப் பிரிக்கும் ஸ்ட்ராப்பும் கிடைக்கிறது, சேலைக்கு மேல் போட்டால் கொஞ்சம் கசங்கும், அவ்வளவுதான். புதுக் கிடார் வாங்கிய சந்தோஷத்தில் ஆம்ப்ளிஃபையரை நீங்களே படியேற்றாதீர்கள், அதற்குக் கொயர்ப் பையன்களைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலியில் இருக்கிறான். விரல்களில் ஓரளவு பலம் இருக்கிறது, கையைத் தோளளவு தூக்க முடியாது. எலெக்ட்ரிக் கிடார்தான் வேண்டும் என்கிறான். ஒன்று வாங்கினோம், நாற்காலியின் கைப்பிடியில் இடிக்கிறது.
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: ஐயா, பையன் கேட்டது நியாயமான வாத்தியம். அக்கூஸ்டிக் கிடாரின் பெட்டி மீது கையைப் போட முழங்கை மேலே ஏறியாக வேண்டும். எலெக்ட்ரிக்கின் உடல் அதில் பாதிப் பருமன்கூட இல்லை. லேசாகத் தொட்டால் போதும், சத்தத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளும்.

இடிப்பதற்கு எடை காரணமில்லை, நீளமும் அகலமும்தான். ஃபெண்டரின் சாதாரண ஸ்ட்ராட் கிடார் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஸ்டைன்பெர்கர் மாதிரியான ஹெட்லெஸ் அதில் முக்கால் பங்குதான். டிராவலர் என்ற அமெரிக்க கம்பெனியின் அல்ட்ரா லைட் அதைவிடவும் சின்னது, சுமார் ஒன்றரைக் கிலோ. தொடையில் உட்காரும் வளைகம்பி தனியே கழற்றி மாட்டலாம். நாற்காலியின் கைப்பிடி கழலுமா என்று பாருங்கள், பல நாற்காலிகளில் கழலும்.

அதற்கும் மேலே ஒரு வழி. மேடையில் வாசித்துக்கொண்டே இன்னொரு கிடாருக்கு மாறுகிறவர்கள், அதைத் தூக்காமல் வாசிக்க ஒரு ஸ்டாண்ட் வைத்திருப்பார்கள். கிடார் அதில் இறுக்கிப் பிடித்தபடி நிற்கும், அருகே போய் வாசித்தால் போதும். லேசான கிடாரை அதில் பூட்டி, நாற்காலியை ஒட்டி, பையனின் முழங்கை ஓய்வாக இருக்கும் உயரத்தில் வையுங்கள். அவன் மீது ஒரு கிராம் பாரமும் இருக்காது. எந்த உயரம், எந்தச் சாய்வு என்று அவனுடைய பிசியோதெரபிஸ்டைக் கூட வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கிடாரை மடியில் படுக்கப் போட்டும் வாசிக்கலாம். கனடாவின் ஜெஃப் ஹீலி, கண் பார்வை இல்லாதவர், அப்படி மடியில் கிடத்தி மேலிருந்து விரல் வைத்துத்தான் ராக் வாசித்தார். விரல் சோர்கிற நாளில் கம்பிகளைச் சும்மா மீட்டினாலே டி மேஜர் கார்டு ஒலிக்கும் ஓப்பன் டி டியூனிங் வைத்து, ஒரு ஸ்டீல் பாரைக் கம்பிகள் மேல் நகர்த்தினால் மேஜர் கார்டு அத்தனையும் வந்துவிடும். கம்பி 8ஆம் நம்பர் செட் போடுங்கள், நம்பர் குறையக் குறையக் கம்பி மெல்லிசு.

கேள்வி: கட்டைவிரல் அடி மூட்டில் வாதம். லைட்வெயிட் கிடார் வாங்கினால் ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்க வருமா?
- ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: அண்ணா, வராது. உங்கள் வலி எடையால் இல்லை, அழுத்தத்தால். இருக்கிற கிடாரிலேயே ஆரம்பியுங்கள். முதல் கம்பியை 10இலிருந்து 9க்கு மாற்றினால் அதன் இழுவிசை 19 விழுக்காடு குறையும். எல்லாக் கம்பியையும் அரைக் கட்டை இறக்கினால் மேலும் 11 விழுக்காடு. பாட வருகிறவர்களுக்கும் அது சௌகரியம். கம்பியின் உயரத்தைப் பாலத்தில் மட்டும் இறக்கிவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பட்டையான நட்டில் பள்ளம் ஆழமாக இல்லாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு உயிரை வாங்கும். அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அராவிக்கொள்ளுங்கள், நீங்களே அரத்தை எடுக்க வேண்டாம்.

பிறகும் புதிது வாங்குவதானால் 24 அங்குல ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பாலம்வரை கம்பி நீளம், உள்ள ஃபெண்டர் மஸ்டாங் வகை. ஸ்ட்ராட்டின் 25.5 அங்குலத்தோடு பார்த்தால் அதே கம்பிக்கு இழுவிசை 11 விழுக்காடு குறைவு, விரல் எட்டவும் சுலபம். ரொம்ப மெல்லிய நெக்கைத் தவிருங்கள். கட்டைவிரல் அதிகம் மடங்கி இன்னும் வலிக்கும், கொஞ்சம் பருமனே உங்களுக்கு நல்லது. நாகர்கோவில் டீச்சருக்குச் சொன்ன ஹெட்லெஸ் உங்களுக்கு வேண்டாம். பலவற்றில் கீ சின்னதாக, இறுக்கமாக இருக்கும், டியூன் செய்வதற்குள் விரல் கெஞ்சும்.

பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டி, கம்பியை லேசாக்கி, பிற்பாடு டியூனிங்கையும் இறக்கி வாசித்தார். அந்த இசையின் கனமெல்லாம் லேசான கம்பியில் வந்ததுதான்.

கேள்வி: என் கிடாரின் பின்பக்கம் டிரில்லில் துளை போட்டு எடை குறைக்கலாமா? யூடியூபில் பார்த்தேன்.
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வேண்டாம் தம்பி. கிப்சன் 1980களிலிருந்து லெஸ் பாலில் துளை போட்டது உண்மைதான். ஆனால் மேல் மூடியை ஒட்டும் முன்பு, எலெக்ட்ரானிக்ஸ் எங்கே வரும் என்று தெரிந்து போட்டது. நீங்கள் வெளியிலிருந்து போட்டால் நூறு, இருநூறு கிராம் குறையும், பெயின்ட் பெயரும், விற்கப் போனால் யாரும் தொட மாட்டார்கள். லேசான கீ செட் மாற்றுங்கள், ஹெட் சாய்வதாவது நிற்கும். டிரில்லை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.