கேத்தில் அடியில் பிடிப்பது கூந்தலிலும் பிடிக்கும்

"நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் முடித்துக் கிளிநொச்சிக்கு வந்து 2 வருடம். இங்கே கிணற்றுத் தண்ணீரில் முழுகத் தொடங்கியதிலிருந்து முடி நார் போல விறைத்து, நுனி உடைகிறது. எவ்வளவு எண்ணெய் வைத்தும் சரிவரவில்லை" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார்.

எண்ணெயைக் கொஞ்ச நாள் குறையுங்கள் தங்கச்சி. முதலில் உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகக் கல் பிடித்திருக்கிறதா? அதை உண்டாக்கும் கல்சியம், மக்னீசியம் உப்புகள்தான் உங்கள் முடியிலும் படிகின்றன. மலைநாட்டு ஊற்று நீரில் இவை குறைவு. வன்னியில் பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் அதிகம். கடினநீர் எனப்படும் அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் பிசுக்காகத் திரண்டு முடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் எண்ணெய் பூசினால் பிசுக்குத்தான் கூடும்.

ஆகவே முதல் வேலை, படிந்ததைக் கழற்றுவது. குளிக்கிற சவர்க்காரத்தைத் தலைக்குப் போடவே வேண்டாம். ஷாம்பு வாங்கும்போது போத்தலின் பின்பக்கம் 'ஈ.டி.டி.ஏ.' (EDTA) என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற பொருள் அது. கடினநீர்ப் படிவை நீக்கவென்றே செய்த ஷாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை பூசி 3 நிமிடம் விட்டு அலசுங்கள். ஒரு மாதத்தின் பின் மாதம் ஒருமுறை போதும், அடிக்கடி போட்டால் முடி வறண்டுவிடும்.

அந்த ஷாம்பு கிடைக்காவிட்டால் வினாகிரி இருக்கிறதே! 1 லீற்றர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி. முழுகி முடிந்ததும் தலையில் ஊற்றி, 2 நிமிடத்தில் அலசிவிடுங்கள். தேசிக்காய்ச் சாறும் உதவும், ஆனால் வடித்து ஊற்றுங்கள், கண்ணில் படவிடாதீர்கள். தோலில் சாறு இருக்க வெயிலில் போனால் புண்ணாகும். அப்பச்சோடாவைத் தொட வேண்டாம், காரம் முடியை இன்னும் சொரசொரப்பாக்கும்.

கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் (இயந்திரத்தில் வடிகட்டி உப்பு நீக்கிய தண்ணீர்) 2 லீற்றர் எடுத்து வையுங்கள். கிணற்று நீரை முடியிலேயே காயவிட்டால் உப்பும் அங்கேயே தங்கிவிடும், அதனால் இந்தக் கடைசி அலசலைத் தவிர்க்க வேண்டாம். மாரியில் பீலித் தண்ணீரே போதும். முதல் மழையை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள், நுளம்பு வராமல் மூடி வையுங்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பங்குதான் போகும், விறகுச் செலவுக்கு அது கட்டாது.

படிவு போன பிறகு எண்ணெய்க்கு வருவோம். முழுகுவதற்கு முந்திய இரவு தேங்காயெண்ணெய் கொஞ்சமாக வையுங்கள். அது முடிக்குள் ஊறி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கும். முழுகிய பின் கண்டிஷனரை நுனிக்கு மட்டும் பூசுங்கள்.

வெடித்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. 2 அங்குலம் வெட்டிவிடுங்கள். முடி மாதம் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும், அரை வருடத்தில் அது திரும்ப வந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். உதிரும் முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது உடைந்ததல்ல, வேரோடு வந்தது. அப்படி நிறையக் கழன்றால் தண்ணீரைக் குற்றம் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பரிசோதியுங்கள். பிள்ளை பெற்று சில மாதம்தான் என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.