வெள்ளை எலிக் குட்டிகளுக்கு மூக்கு குட்டையாவது ஏன்?

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரையின் கீழ் மூன்று ஜோடி வெள்ளை எலிகளை வளர்த்துக் குட்டிகளைக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு ஜோடி மட்டும் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை. அந்த ஜோடியின் கடைசி மூன்று ஈற்றுகளில் பிறந்த 26 குட்டிகளில் 6 குட்டிகளுக்கு மூக்கு குட்டையாக இருக்கிறது. மேல்பல் வாய்க்குள் சுருண்டு வளர்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் முகம் சரியாகவே உள்ளது. வெயில் காரணமா, தீனி காரணமா? பல்லை நறுக்கிவிட்டால் போதுமா?

பதில்: வேலூர்ப் பக்கம் எதற்கெடுத்தாலும் வெயிலைக் குற்றம் சொல்வது நம் வழக்கம். தகரக் கூரையின் சூடு குட்டிகளைக் கொல்லக்கூடும் என்பதால் மேலே கீற்றாவது வேய்ந்துவிடுங்கள். ஆனால் அதே கூரையின் கீழ் அதே தீனியைத் தின்னும் மற்ற இரண்டு ஜோடிகளின் குட்டிகள் நன்றாக இருக்கும்போது, இந்த ஒரு ஜோடியிடம் மட்டும் குறை திரும்பத் திரும்ப வருவதற்கு வெயிலோ தீனியோ காரணமாக இருக்க முடியாது. சந்தேகம் மரபணுவின் மேல்தான் விழுகிறது.

என் மேசைமேல் கிளிசரின் நிரப்பிய ஒரு சிறு புட்டியில், சாயமேற்றிய எலிக்குட்டியின் மண்டையோடு ஒன்று இருக்கிறது. எலும்பு சிவப்பாகவும் குருத்தெலும்பு நீலமாகவும் தெரியும். மூக்கின் நடுச்சுவர் முழுக்க நீலம். சிவப்பு எலும்புகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நிறமில்லாத மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகளைத் தையல்கள் என்கிறோம். முகம் நீள்வது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்: குருத்தெலும்பு முன்னோக்கி வளர்ந்து தள்ளுகிறது, தையலின் இரு ஓரங்களிலும் புது எலும்பு படிகிறது. மரபணுப் பிறழ்வு முகத்தை நேரடியாக வளைத்துவிடுவதில்லை. இந்த வளர்ச்சியின் வேகத்தைக் குறைக்கிறது, அல்லது தையலைக் காலத்துக்கு முன்பே மூடிவிடுகிறது.

எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற மரபணு நன்கு ஆராயப்பட்ட உதாரணம். அது உருவாக்கும் புரதத்தில் 342-ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டைரோசின் என்ற வேறொன்று வந்துவிட்டால், அதனோடு ஜோடியாகப் பிணைந்திருக்க வேண்டிய, இப்போது துணை இழந்த மற்றொரு சிஸ்டீன் பக்கத்துப் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. வெளியிலிருந்து கட்டளை எதுவும் வராமலேயே செல்லுக்குள் சமிக்ஞை ஓயாமல் ஓடுகிறது. தையல்கள் சீக்கிரம் மூடுவதால் அந்த எலிக்கு மூக்கு குட்டை, மண்டை உருண்டை. மனிதர்களில் 1912-இல் விவரிக்கப்பட்ட, மண்டைத் தையல்கள் சீக்கிரம் மூடிவிடும் க்ரூசான் நோய்க்கும் இதே மரபணுதான் காரணம் என்பது 1994-இல் தெரியவந்தது. (தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று, வீட்டில் யாரும் அஞ்ச வேண்டியதில்லை.) ஆனால் இந்தப் பிறழ்வு ஓங்கு தன்மை உடையது; தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் பிறழ்ந்த ஒரு பிரதி இருந்தாலே முகத்தில் தெரிந்துவிடும். உங்கள் ஜோடிக்கு முகம் சரியாக இருப்பதால் இது பொருந்தவில்லை.

பாப்ஸ்2 என்ற மரபணுவின் பிறழ்வு வேறு வகை. குருத்தெலும்புக்குத் தேவையான சல்ஃபேட் சரியாகச் சேராததால் மூக்கோடு வாலும் கால்களும் குட்டையாகின்றன. இது ஒடுங்கு தன்மை உடையது; தாயும் தகப்பனும் ஒவ்வொரு பிரதியை வெளியே தெரியாமல் சுமந்து, குட்டிகளில் நான்கில் ஒன்றுக்கு இரண்டு பிரதிகளையும் கொடுக்கின்றன. 26-இல் 6 என்ற உங்கள் கணக்கு ஒடுங்கு தன்மைக்கு மிக அருகில் இருக்கிறது. அண்ணன் தங்கை ஜோடி என்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. எனினும் எந்த மரபணு என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. குட்டை மூக்குக் குட்டியின் வாலைச் சகோதரக் குட்டியின் வாலோடு வைத்து அளந்து பாருங்கள். வாலும் குட்டை என்றால் குருத்தெலும்புக் கோளாறு என்றும், முகம் மட்டும் குட்டை என்றால் முக எலும்புகளோடு நிற்கும் கோளாறு என்றும் ஓரளவு ஊகிக்கலாம். மண்டை வீங்கிக் குட்டி தள்ளாடினால் அது மூளையில் நீர் கோத்த நிலை. அங்கும் மூக்கு குட்டையாகத் தோன்றி ஏமாற்றும். கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல் கோணிய எலிக்கோ மூக்கின் நீளம் குறையாது.

பல் விஷயத்துக்கு வருகிறேன். எலியின் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. மேலும் கீழும் உரசித்தான் தேய்கின்றன. மேல்முகம் குட்டையானால் கீழ்ப்பல் முன்னே போய்விடும், உரச ஆள் இல்லாத மேல்பல் சுருண்டு அண்ணத்தைக் குத்தும். ஆகவே நறுக்குவது ஒரு முறையோடு முடியாது; ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை ஆயுள் முழுதும் செய்தாக வேண்டும். நகவெட்டியால் நறுக்கினால் பல் நீளவாக்கில் பிளக்கக்கூடும். முதல் முறையாவது கால்நடை மருத்துவரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தீனியை ஊறவைத்துக் கொடுங்கள்.

அந்த ஜோடியை இன்றே பிரித்துவிடுங்கள். அடுத்த ஈற்றில் எட்டுக் குட்டியும் நன்றாகப் பிறந்தால் குறை போய்விட்டது என்று எண்ண வேண்டாம். நான்கில் ஒன்று என்ற கணக்கில்கூட எட்டும் தப்பித்துக்கொள்ள நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு. தாயை உறவில்லாத ஓர் ஆணோடு சேர்த்தால் குட்டிகளின் முகம் சரியாக இருக்கும், ஆனால் அவற்றில் பாதி குறையைச் சுமக்கும். நான் அதிகம் கவலைப்படுவது முகம் சரியாக உள்ள மீதி 20 குட்டிகளைப் பற்றித்தான்: ஒடுங்கு தன்மை என்றால் அவற்றில் மூன்றுக்கு இரண்டு குறையைச் சுமப்பவை. அவற்றை இனப்பெருக்கத்துக்கென்று எந்தக் கடைக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.