பழைய டர்போ காரில் பூஸ்ட் ஏறவில்லை. ஃபியூவல் கண்ட்ரோலர் மாட்டினால் சரியாகுமா?

கேட்டவரின் வண்டி சிங்கப்பூரில் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமச் சான்று) புதுப்பித்து ஓட்டும் 2005 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். பூஸ்ட், அதாவது டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், மீட்டரில் 0.5 பாரைத் தாண்டுவதில்லை. முழுக்க மிதித்தால் பின்னால் கரும்புகை, பெட்ரோல் வாடை. பழைய அபெக்ஸி எஸ்-ஏஎஃப்சி ஃபியூவல் கண்ட்ரோலர் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது, அதை மாட்டிப் பெட்ரோலைக் குறைத்துவிட்டால் போதுமா என்கிறார்.

போதாது. இன்றைய நிலையில் அதை மாட்டுவது ஆபத்து என்றுகூடச் சொல்வேன்.

இந்த வண்டியில் ஏர்ஃபுளோ சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. உள்ளே நுழையும் காற்றை அது அளந்து, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவிடம் சொல்லும். இசியூ அந்தக் கணக்குக்குப் பெட்ரோல் ஊற்றும். டர்போவுக்கு அப்புறம் எங்கேயாவது ஹோஸ் விட்டிருந்தால், அளந்த காற்றில் ஒரு பங்கு என்ஜினுக்குப் போகாமல் வெளியே போய்விடும். பெட்ரோல் மட்டும் முழுக் கணக்குக்கு வரும். கரும்புகை அதனால்தான். எஸ்-ஏஎஃப்சி செய்வது அந்த சென்சார் சிக்னலைக் கூட்டிக் குறைத்து இசியூவை ஏமாற்றும் வேலை. அதை வைத்துப் பெட்ரோலைக் குறைத்தால் புகை நிற்கும், ஓட்டை அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து யாராவது அந்த ஹோஸை மாற்றினால் காற்று முழுசாக வரும், பெட்ரோல் வராது. பூஸ்டில் கலவை மெலிந்தால் (காற்றுக்குப் பெட்ரோல் போதாவிட்டால்) நாக்கிங், அதாவது கலவை கண்டபடி வெடிப்பது, பிறகு பிஸ்டன் போகும். அந்தச் செலவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

0.5 பார் என்ற எண்ணே ஒரு துப்பு. வேஸ்ட்கேட் என்பது டர்போவைச் சுற்றும் புகையில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு, அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். அந்த ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்தால் இந்த வண்டியில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அதற்கு மேல் ஏற்றுவது இசியூ இயக்கும் மின் வால்வான பூஸ்ட் சொலினாய்டின் வேலை. ஆக, ஓட்டையோடு சேர்த்து அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஹோஸ் ஒன்றுக்குள் சின்னத் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்று செருகியிருக்கும். ஹோஸ் மாற்றியவர் பழையதோடு அதையும் குப்பையில் போட்டிருந்தால், ஆக்சுவேட்டருக்கு முழு அழுத்தமும் போய் வேஸ்ட்கேட் சீக்கிரம் திறந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இதை முதலிலேயே பாருங்கள். அதே ஹோஸ் கழன்றோ வெடித்தோ போனால் கதை தலைகீழ்: பூஸ்ட் எகிறி, இசியூ ஃபியூவல் கட் போட்டு வண்டி முகத்தில் அடித்த மாதிரி நிற்கும்.

இனி ஓட்டை. நம் ஊர் வெயிலும் மலேசியா போகும் காஸ்வே நெரிசலில் ஊர்ந்து நிற்பதும் பானட்டுக்குள் இருக்கும் ரப்பரை ஒரு வழி பண்ணிவிடும். கண்ணால் மேலோட்டமாகப் பார்த்து ஓட்டை இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் டர்போ வண்டி பார்க்கும் எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். சென்சாருக்கு அடுத்த ஹோஸைக் கழற்றி, டயர் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் வழியாக மெதுவாக விடுவார்கள். 0.7 பார், அதிகம் போனால் 1 பார். அதற்கு மேல் அவசரப்பட்டால் ஆயில் சீல் வெளியே வந்துவிடும். என்ஜினுக்குள்ளிருந்து கொஞ்சம் காற்று கசிவது இயல்பு. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பலமாக ஊதுகிறது என்றால் பிசிவி வால்வைச் (என்ஜின் உள்ளே சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்புவது) சந்தேகியுங்கள்.

அப்புறம் சோப்புத் தண்ணீர் தெளித்து எங்கே நுரை வருகிறது என்று பார்ப்பார்கள். இந்த மாதிரி வண்டிகளில் நான் பார்த்தவரை ஓட்டை ஹோஸின் மேற்புறத்தில் இருப்பதே அபூர்வம். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குட்டை ரப்பரின் அடிப்பக்கத்தில், கிளிப் கடிக்கும் விளிம்பை ஒட்டி இருக்கும். சும்மா இருக்கும்போது கோடுகூடத் தெரியாது. காற்று ஏறியதும் உதடு மாதிரிப் பிளந்து நுரை தள்ளும். கை போகாத இடம், சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இன்டர்கூலர் ஒய்-பைப்பின் இணைப்புகளையும் மிதியை விடும்போது அழுத்தத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வையும் விடாதீர்கள்.

டர்போவுக்கு முன்னால், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் இன்லெட் ஹோஸ் கிழிவதும் சுபாருவில் சகஜம். அங்கே கிழிந்தால் அளக்காத காற்று உள்ளே வரும், கலவை மெலியும், ஐடில் தடுமாறும். உங்களுக்குக் கரும்புகை என்பதால் அது முதல் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே வரலாம்.

இதெல்லாம் சுத்தம் என்றால் மட்டும் வேஸ்ட்கேட் ஃபிளாப் கரி பிடித்துத் திறந்தபடி மாட்டியிருக்கிறதா, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று போங்கள். டர்போ ஷாஃப்ட் பக்கவாட்டில் இம்மி அசைந்தால் பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் அசைந்தால் டர்போ முடிந்தது.

பூஸ்ட் சரியான பிறகும் கண்ட்ரோலர் வேண்டும் என்றால், சரி, மாட்டலாம். நம் ஊர் வலது ஸ்டியரிங் வண்டியில் இசியூ இடது பக்கம், பயணியின் காலடியில் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும். கார்ப்பெட் ஈரமாக இருந்தால் முதலில் ஏர்கான் வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த ஈரத்தில் புது ஒயரிங் நிலைக்காது. கரண்ட், எர்த், ஆர்பிஎம், திராட்டில் ஒயர்களை வெட்ட வேண்டாம், ஒட்டெடுத்தால் போதும். வெட்டி நடுவில் கண்ட்ரோலரைச் சேர்ப்பது ஏர்ஃபுளோ ஒயரை மட்டும். எர்த் ஒயர்களை மேனுவலில் சொன்ன இடத்தில், சொன்ன வரிசையில் கொடுங்கள். இடம் மாறினால் சிக்னல் ஆடும். கிளிப் போட்டுக் கடிக்கும் இணைப்பு வேண்டவே வேண்டாம், சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். எல்லாத் திருத்தமும் பூஜ்யத்தில் இருக்க, வண்டி முன்பு போலவே ஓடுகிறதா என்று பார்த்த பிறகே எண்ணில் கை வையுங்கள்.

கண்ட்ரோலரில் லோ திராட்டில் (லேசாக மிதிக்கும்போது வேலை செய்யும்) எண்களோடு மல்லுக்கட்டாதீர்கள். சாதாரண ஓட்டத்தில் இசியூ ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும், நீங்கள் குறைத்ததை அது கூட்டும். பலன் ஹை திராட்டிலில்தான், ஆபத்தும் அங்கேதான். சிக்னலைக் குறைத்தால் லோடு குறைவு என்று நினைத்து இசியூ இக்னிஷனையும் முன்னே தள்ளும். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் தொடாதீர்கள். பூஸ்டில் அந்த விகிதம் 11 முதல் 11.5 வரை இருந்தால் நிம்மதி. இதை டைனோவில் (வண்டியை நின்ற இடத்தில் உருளைமேல் ஓட்டும் இயந்திரம்) செய்யுங்கள். மூன்றாம் கியரில் ரெட்லைன் வரை இழுத்தாலே பிஐஇ விரைவுச்சாலையின் 90 கிலோமீட்டர் வேகவரம்பு போய்விடும்.

என் கருத்தைக் கேட்டால், இசியூவையே ரீஃபிளாஷ் செய்ய (உள்ளிருக்கும் புரோகிராமை மாற்றி எழுத) முடிந்த வண்டிக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. ரீஃபிளாஷில் பெட்ரோலையும் டைமிங்கையும் தனித்தனியாகத் திருத்தலாம், யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. எதைச் செய்தாலும் முன்கூட்டி எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதிகளைப் பாருங்கள். சில மாற்றங்களுக்கு முன் அனுமதி வேண்டும், சிலவற்றுக்கு அனுமதியே கிடையாது. 10 வயது தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்‌ஷன் வேறு இருக்கிறது.

இங்கே 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டு டியூன் செய்துவிட்டு கோலாலம்பூர் வரை போகிறவர் என்றால் டியூனரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். முக்கால் டேங்க் இருந்தால்தான் வெளியே போகலாம் என்ற கணக்கோடு எல்லை தாண்டினாலும் திரும்பும் வழியில் அங்கே 97தான் நிரப்புவீர்கள்.